கடைசி இடம், கையில் கோப்பை: லூட்டன் டவுன் 2008-09

#1 தொப்பிக்காரன்

ஹாலிவுட் நடிகர்கள் வாங்கிய ரெக்ஸ்ஹாம் கிளப்பின் புண்ணியத்தில் நம் ஆட்களும் இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அங்கே நடிகர்களின் காசு இருந்தது, கேமரா இருந்தது, கதை மேலே மேலே ஏறிக்கொண்டு போனது. எனக்குப் பிடித்த சீசன் அதற்கு நேர் எதிர். லூட்டன் டவுன், லீக் டூ, 2008-09. 46 ஆட்டம், 24 கிளப்பில் 24ஆவது இடம். ஆடிச் சேர்த்த புள்ளி 56. பட்டியலில் நின்றதோ 26.

மிச்சம் 30 எங்கே? சீசன் தொடங்கும் முன்பே கழித்துவிட்டார்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு கழித்ததில்லை. ஆகஸ்டில் மற்றவர்கள் பூஜ்யத்திலிருந்து கிளம்ப, இவர்கள் பத்து ஆட்டம் ஜெயித்தால்தான் பூஜ்யத்துக்கே வந்து சேர முடியும்.

அப்படிப்பட்ட அணி ஏப்ரல் 5 அன்று வெம்பிளியில் கோப்பை தூக்கியது. ஏப்ரல் 13 அன்று லீக்கை விட்டே வெளியேறியது. நடுவில் எட்டு நாள்தான். 1920இலிருந்து விடாமல் இருந்த இடம் அது.

தண்டனை போய்ச் சேர்ந்தது தப்பான ஆளுக்கு என்பது என் கட்சி. தப்பு செய்தவர்கள் எல்லாம் அந்த ஆகஸ்டுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள். கிளப்பை எடுத்து நடத்த வந்தது ஊர் ரசிகர்களே சேர்ந்த ஒரு குழு, ‘லூட்டன் டவுன் 2020’ என்று பெயர். தொலைக்காட்சியில் வரும் நிக் ஓவன் தலைவர். வீட்டுக்குள் காலை வைத்ததும் பழைய குடித்தனக்காரனின் பாக்கியை இவர்கள் தலையில் கட்டினார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

#2 வங்கக்கடல்

அண்ணே, லீக் டூ என்றால் இரண்டாவது டிவிஷனா? நான் பிரீமியர் லீக் மட்டும் பார்க்கிறவன். திட்டாதீர்கள்.

#3 கணக்கப்பிள்ளை

திட்ட மாட்டோம், அது வெள்ளைக்காரன் பெயர் வைத்த லட்சணம். முதல் டிவிஷன் பிரீமியர் லீக். இரண்டாவதற்குப் பெயர் சாம்பியன்ஷிப். மூன்றாவது லீக் ஒன். நான்காவதுதான் லீக் டூ. இந்த நான்கிலும் சேர்த்து 92 கிளப். லீக் டூவில் கடைசி இரண்டு இடம் பிடித்தால் 92ஐ விட்டே கீழே போக வேண்டும். அப்போது அந்தக் கீழ்த்தட்டுக்குப் பெயர் கான்ஃபரன்ஸ், இப்போது நேஷனல் லீக்.

30 என்பது ஒரே வெட்டு இல்லை, இரண்டு. முதல் 10 எஃப்.ஏ., அதாவது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் போட்டது. வீரர்களை வாங்கி விற்கும்போது ஏஜென்டுகளுக்குக் கொடுக்கும் பணம் கிளப் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். லூட்டனில் அது கிளப்பின் தாய் நிறுவனம் வழியாகப் போயிருக்கிறது. அடுத்த 20, கீழ் மூன்று டிவிஷன்களை நடத்தும் ஃபுட்பால் லீக் போட்டது. கடன் கட்ட முடியாமல் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போன கிளப், கடன்காரர்களோடு முறையான உடன்பாடு செய்துகொண்டு வெளியே வர வேண்டும். லூட்டனால் முடியவில்லை.

அதற்கு முந்தைய சீசனிலும், அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனதற்காகவே 10 கழித்திருந்தார்கள். ஆக இரண்டு சீசனில் 40. சாம்பியன்ஷிப்பிலிருந்து 2007இல் லீக் ஒன், 2008இல் லீக் டூ, 2009இல் வெளியே. மூன்று வருடம், மூன்று படி.

#4 வாய்தா

மறுப்பவன் வந்துவிட்டேன்.

தொப்பிக்காரரே, ‘பழைய குடித்தனக்காரன் பாக்கி’ என்பது கேட்க உருக்கமாக இருக்கிறது. அந்தப் பாக்கி யாருக்குச் சேர வேண்டியது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நானே சொல்கிறேன். கால்பந்தில் ஒரு விதி உண்டு: கிளப் திவாலானால் வீரர்கள் சம்பளமும், மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டியதும் முழுசாகக் கொடுத்தாக வேண்டும். மிஞ்சியதைத்தான் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் என்றால் அன்றைக்கு வரித்துறை, டிக்கெட் அடித்துக் கொடுத்த அச்சகக்காரன், பாலும் ரொட்டியும் போட்டவன், குழாய் சரிசெய்தவன். பவுண்டுக்குச் சில பென்ஸ் வரும், அதையும் வாங்கிக்கொண்டு வாயை மூட வேண்டும்.

உடன்பாடு நிறைவேற, கடன் தொகையில் 75 சதவீதத்துக்கு உரியவர்கள் சரி என்று சொல்ல வேண்டும். வரித்துறைக்கு இந்த விதியே பிடிக்காது, அதனால் அப்போதெல்லாம் பெரும்பாலும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடும். அங்கேதான் கிளப்புகள் மாட்டிக்கொள்கின்றன.

லூட்டன் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது முதல் தடவையா? 1999, 2003, 2007. பத்து வருடத்துக்குள் மூன்று முறை! ஒழுங்காக வரி கட்டி, கைக்கு அடங்கிய வீரர்களை வைத்து ஆடும் சின்ன கிளப்பின் ரசிகன் எதற்கு இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? கடன் வாங்கி வாங்கிய வீரன் அடித்த கோலால் நீங்கள் ஜெயித்தபோது எதிரே தோற்றவன் எவனோ ஒருவன் இருந்தான் இல்லையா?

#5 தொப்பிக்காரன்

வாய்தா, பாதி ஒத்துக்கொள்கிறேன். 20 புள்ளி பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அளவைப் பாருங்கள். 2007இல் லீட்ஸ் இதே குற்றத்துக்கு 15 வாங்கியது. அதே 2008இல் போர்ன்மத்துக்கு 17, ராதரமுக்கு 17. எங்களுக்கு 20. மூன்றாவது தடவை என்பதால் மூன்று கூடுதலாம். கடலை மிட்டாய் கடையில் பேரம் பேசுகிற மாதிரி இல்லை?

எஃப்.ஏ. போட்ட பத்து இருக்கிறதே, அதுதான் இன்னும் எரிகிறது. 2006 ஜனவரியில் ‘எனக்கே லஞ்சம் கொடுக்கப் பார்த்தார்கள்’ என்று வெளிப்படையாகச் சொன்ன மேனேஜர் யார்? மைக் நியூவெல். எந்த கிளப்? லூட்டன். ஏஜென்ட் பணத்தைப் பற்றி நாடே பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கடைசியில் அந்த விவகாரத்தில் புள்ளி இழந்த கிளப்பும் லூட்டன்தான். சம்பந்தப்பட்ட பழைய நிர்வாகிக்குத் தடை விதித்தார்கள், சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

#6 செர்ரி ரவி

லூட்டன் கதையில் கண்ணீர் அதிகம். அதே டிவிஷனில், அதே சீசனில் இன்னொரு கதை நடந்தது, அதை ஏன் யாரும் திறக்கவில்லை? மைனஸ் 17இல் கிளம்பிய போர்ன்மத்.

2008 டிசம்பர் 31. கிளப் கீழிருந்து இரண்டாவது. காசு இல்லை, வீரர் வாங்கத் தடை. மேனேஜரை அனுப்பிவிட்டு, இளைஞர் அணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த முன்னாள் வீரர் ஒருவரைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். வயது 31. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. இருந்தும் ஜனவரியில் அவரையே நிரந்தரமாக்கினார்கள். பெயர் எடி ஹவ். ஆம், அதே எடி ஹவ், பிற்காலத்தில் நியூகாசிலுக்குப் போனவர்.

ஹவ் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஸ்டீவ் ஃபிளெச்சரைத் திரும்பக் கூட்டி வந்தது. பழைய சென்டர் ஃபார்வர்ட், வயது 36, கிளப்பை விட்டுப் போய்விட்ட ஆள். ஏப்ரல் 25, டீன் கோர்ட் மைதானம், எதிரே கிரிம்ஸ்பி. 1-1. ஜெயித்தால் தப்பிக்கலாம். பத்து நிமிடம் இருக்கும்போது ஃபிளெச்சர் அடித்தார். மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கே இன்று அவர் பெயர்.

2015இல் அதே மேனேஜரோடு பிரீமியர் லீக். இப்போது சொல்லுங்கள், எது பெரிய சீசன்?

#7 தொப்பிக்காரன்

ரவி, உங்கள் கதை அழகுதான். ஆனால் உங்களுக்கு 17, எங்களுக்கு 30. உங்களுடையது ஏறக் கஷ்டமான மேடு, எங்களுடையது சுவர். கணக்குப்படி பார்த்தால் மைனஸ் 30இல் தொடங்கிப் பிழைக்க வேண்டும் என்றால் 70 புள்ளிக்கு மேல் ஆட வேண்டும். அந்த வருடம் 70 எடுத்த ராச்டேல் ஆறாவது இடம், பிளேஆஃப் (மேலே போகக் கடைசி ஒரு இடத்துக்கான நாக்அவுட்) ஆடியது. மேலே போகிற அணி ஆடுகிற மாதிரி ஆடினால்தான் கீழே போகாமல் இருக்க முடியும்.

அது முடியாது என்று வீரர்களுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும், டிக்கெட் வாங்கி வருகிறவனுக்கும் தெரியும். தெரிந்தே 46 ஆட்டம் ஆடினார்கள். 13 வெற்றி, 17 டிரா, 16 தோல்வி. எனக்கு அந்த 17 டிராதான் ரொம்பப் பிடிக்கும். ஒன்றுக்கும் உதவாத ஒரு புள்ளிக்காக, 80ஆவது நிமிடத்தில் கணுக்காலைக் கொடுத்துப் பந்தைத் தடுக்கிறான் ஒருவன்.

#8 வங்கக்கடல்

வெம்பிளி கதை சொல்லாமலே போகிறீர்களே. கடைசி இடத்து அணி கோப்பை எப்படி எடுத்தது?

#9 தொப்பிக்காரன்

அதற்குத்தான் வருகிறேன்.

லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்கு மட்டும் அந்தக் காலத்தில் ஒரு நாக்அவுட் கோப்பை இருந்தது, ஃபுட்பால் லீக் டிராபி. அப்போது ஒரு பெயின்ட் கம்பெனி பெயரில் நடந்தது. பெரிய கிளப் ரசிகர்கள் கேலி செய்யும் கோப்பை. ஆரம்பச் சுற்றுகளில் மைதானம் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் இறுதி ஆட்டம் வெம்பிளியில். லூட்டனுக்கு அந்த வருடம் புள்ளி கழிக்க முடியாத ஒரே இடம் அதுதான். தெற்குப் பகுதி இறுதியில் பிரைட்டனைப் பெனால்டியில் தாண்டி உள்ளே போனார்கள்.

எதிரே ஸ்கந்தார்ப். ஒரு டிவிஷன் மேலே இருந்த அணி. அதே மே மாதம் பிளேஆஃப் ஜெயித்து சாம்பியன்ஷிப்புக்கே போய்விட்டார்கள் என்றால் எவ்வளவு வலுவான அணி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவன் மேலே போகிறான், ஒருவன் வெளியே போகிறான், நடுவழியில் சந்தித்துக்கொண்டார்கள்.

கேரி ஹூப்பர் முதலில் அடித்துவிட்டார், ஸ்கந்தார்ப் 1-0. நார்விச்சிலிருந்து கடனாக வந்திருந்த கிறிஸ் மார்ட்டின் சமன் செய்தார். 70ஆவது நிமிடம் டாம் கிராடக் அடித்து 2-1. லூட்டன் பக்கம் எழுந்து நின்றவர்கள் உட்காரவே இல்லை. 88ஆவது நிமிடம் கிராண்ட் மெக்கேன். 2-2. அந்த கோலை நினைத்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: இவர்களிடம் கோலையும் கழிக்கிறார்கள்.

கூடுதல் நேரம் தொடங்கி ஐந்து நிமிடம். கிளோட் நாக்பா, பிரெஞ்சுக்காரர், ஓடி வந்து பந்தைத் தட்டிய விதம் இருக்கிறதே, கோல்கீப்பர் முன்னால் வந்ததைப் பார்த்து அவர் தலைக்கு மேலே மெல்லத் தூக்கிப் போட்டார். பந்து அவசரமே இல்லாமல் உள்ளே விழுந்தது. 3-2.

மைதானத்தில் 55,378 பேர். அதில் 40,000க்கும் மேல் லூட்டன்காரர்கள். ஒரு சாதாரண சனிக்கிழமைக்கு ஆறாயிரம் பேர் வரும் கிளப் இது. ஆட்டத்துக்கு முன் லீக் தலைவர் மாஹினி பிரபு களத்துக்கு வந்தபோது அந்தப் பக்கம் முழுக்க எழுந்து ஊளையிட்டது. வருடம் பூராவும் அடக்கி வைத்திருந்ததை அங்கே இறக்கி வைத்தார்கள்.

மேனேஜர் மிக் ஹார்ஃபோர்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1988இல் லூட்டன் ஆர்சனலை 3-2 என்று ஜெயித்து லீக் கோப்பை எடுத்தபோது அந்த அணியில் முன்னால் ஆடியவர் அவர். அதுவும் வெம்பிளி, அதுவும் 3-2, அதுவும் ஏப்ரல்.

#10 வெம்பிளி வாசி

உந்த ஞாயிறு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நாங்கள் அப்ப ஈலிங் ரோட் பக்கம் இருந்தனாங்கள். கடைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வெளிய வர, வைக்கோல் தொப்பி போட்ட சனம் சாரை சாரையாய்ப் போகுது. தாத்தா, பேரன், நாய்க்கும் ஒரு தொப்பி. லூட்டன் ஒருகாலத்தில தொப்பி செய்யிற ஊர் எண்டு கடைக்கார ஐயாதான் விளங்கப்படுத்தினவர். ஏதோ பெரிய கிளப் எண்டு நினைச்சன். கடைசி இடத்தில கிடக்கிற கிளப் எண்டு ஐயா சொல்ல, நான் நம்பேல்லை.

அடுத்த நாள் திங்கள் நாங்கள் எல்லாரும் வெஸ்ட்மின்ஸ்டரில, பாராளுமன்றத்துக்கு முன்னால வீதியில இருந்தனாங்கள். 2009 ஏப்ரல். ஏன் எண்டு இங்க ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. அதுக்குப் பிறகு எத்தினையோ நாள் பந்தும் இல்லை, ஒண்டும் இல்லை. அந்த ஞாயிறு மட்டும் தனியா நிக்குது.

#11 தொப்பிக்காரன்

அண்ணா, நன்றி. வேறென்ன சொல்ல.

#12 கணக்கப்பிள்ளை

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு வேலை செய்தேன். அந்த சீசனில் கழித்த புள்ளிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துப் பட்டியலை மறுபடி எழுதினேன். லூட்டனுக்கு 30, போர்ன்மத்துக்கு 17, ராதரமுக்கு 17. அப்புறம் சீசன் நடுவில் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போன டார்லிங்டனுக்கு 10.

மேலே: ராதரம் 58லிருந்து 75. டார்லிங்டன் 62லிருந்து 72. இரண்டும் பிளேஆஃப் இடம். அப்படியானால் உண்மையில் பிளேஆஃப் ஆடிய ராச்டேலும் (70) ஷ்ரூஸ்பரியும் (69) வெளியே. ஷ்ரூஸ்பரி இறுதி வரை போய் ஜில்லிங்கமிடம் 1-0 என்று தோற்ற அணி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழே: லூட்டன் 56, போர்ன்மத் 63. இரண்டுக்கும் ஆபத்தே இல்லை, போர்ன்மத் நடு இடம். கடைசி இரண்டு செஸ்டர் சிட்டி (37), கிரிம்ஸ்பி (41).

செஸ்டர் எப்படியும் கீழேதான், லூட்டனோடு சேர்ந்து இறங்கியது அதுதான். ஆனால் கிரிம்ஸ்பியைப் பாருங்கள். 46 ஆட்டத்தில் 9 வெற்றி. அந்த அணி தப்பித்தது லூட்டனின் 30 புள்ளி புண்ணியத்தில்.

#13 வங்கக்கடல்

எந்த கிரிம்ஸ்பி? 2025 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டைப் பெனால்டியில் 12-11 என்று வெளியே அனுப்பினார்களே, அவர்களா? அன்று நான் சாப்பிடவில்லை.

#14 கணக்கப்பிள்ளை

அவர்களேதான் தம்பி. நீ யுனைடெட் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஆழ்ந்த அனுதாபம். 2009இல் தப்பித்தவர்கள் 2010இல் எப்படியும் இறங்கிவிட்டார்கள், டார்லிங்டனோடு சேர்ந்து. ஒரு வருடம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

#15 வாய்தா

கணக்கப்பிள்ளை, அருமையான வேலை. ஆனால் இதை எனக்கு எதிராகப் போட்டதாக நினைத்தால் தப்பு, இது என் பக்கம்தான். ராதரம் 75 எடுத்தது யார் காசில்? கடனைக் கழுவிவிட்டு வந்ததால் மிஞ்சிய காசில். அந்தக் கடனைக் கழுவாமல், வருவாய்க்குள் ஆடிய ராச்டேல் 70. கழிக்கவே இல்லை என்றால் ஏமாந்தவன் ராச்டேல்.

தொப்பிக்காரருக்கு ஒரு கேள்வி. அந்த வருட லூட்டன் அணி 56 புள்ளி அணிதான், தண்டனை இல்லாவிட்டால் 15ஆவது இடம். ‘பெரிய அணியை அநியாயமாக இறக்கிவிட்டார்கள்’ என்ற தொனி எதற்கு?

#16 தொப்பிக்காரன்

பெரிய அணி என்று நான் எங்கே சொன்னேன்? சாதாரண அணி. கோடையில் கைக்குக் கிடைத்தவர்களைச் சேர்த்து, லோனில் சிலரை வாங்கி, ஒட்டுப் போட்டு உண்டாக்கிய அணி. சாதாரண அணிக்குச் சாதாரண சீசன் ஆடும் உரிமை வேண்டும் என்பதுதான் என் குறை. 15ஆவது இடத்தில் முடிந்து, யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போகிற ஒரு சீசன். அதைத்தான் பிடுங்கினார்கள்.

ராச்டேல் பற்றி நீங்கள் சொன்னது உறைக்கிறது. பதில் யோசித்துவிட்டு வருகிறேன்.

#17 செர்ரி ரவி

இருவரும் மல்லுக்கட்டுங்கள். நான் வேறொன்றைக் கவனித்தேன். அந்த 24 கிளப்பில் மூன்று பிற்பாடு பிரீமியர் லீக் போனது: அந்த வருடம் 85 புள்ளியோடு முதலிடம் பிடித்த பிரென்ட்ஃபோர்ட், எங்கள் போர்ன்மத், லூட்டன். அதே 24இல் நான்கு கிளப்புக்குப் பால் ஊற்றியாகிவிட்டது. செஸ்டர் சிட்டி 2010இல் கலைக்கப்பட்டது, மறு வருடமே! டார்லிங்டன் 2012இல் சரிந்து வேறு பெயரில் அடிமட்டத்திலிருந்து தொடங்கியது. மேக்கிள்ஸ்ஃபீல்ட் 2020இல் நீதிமன்றத்தில் முடிந்தது.

பரியின் கதைதான் கொடுமை. 2008-09இல் வைகோமும் பரியும் ஆளுக்கு 78 புள்ளி. கோல் வித்தியாசம் வைகோமுக்கு 21, பரிக்கு 20. ஒரே ஒரு கோலில் வைகோம் நேரடியாக மேலே போனது, பரி பிளேஆஃபில் தோற்றது. பத்து வருடம் கழித்து 2019 ஆகஸ்டில் கணக்கு வழக்கு சரியில்லை என்று பரியை லீக்கிலிருந்தே நீக்கினார்கள்.

#18 வாய்தா

பரிக்கு நடந்ததை நான் ஆதரிக்கவில்லை, அதைப் பதிவு செய்துவிடுகிறேன். புள்ளி கழிப்பது வேறு, கிளப்பை இல்லாமல் ஆக்குவது வேறு. அங்கே முதலாளியின் கையில் பணம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

#19 தொப்பிக்காரன்

பாருங்கள், சுற்றிச் சுற்றி என் இடத்துக்கே வந்துவிட்டீர்கள். முதலாளியை வாசலிலேயே சோதிக்காமல், அவன் வீட்டைக் கொளுத்திவிட்டுப் போன பிறகு குடியிருப்பவனைத் தண்டிக்கிறார்கள். ராச்டேலுக்கு என் பதில் இதுதான்: புள்ளியைக் கழிக்கட்டும், ஆனால் அடுத்த முறை அதே கையில் கிளப் போகாமல் பார்க்கட்டும். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் அது வசூல்.

சரி, விதி பேசிப் பேசி வாய் உலர்ந்துவிட்டது. நான் எப்படி இந்த கிளப்பில் மாட்டினேன் என்று சொல்கிறேன்.

2012 கடைசியில் வேலை விஷயமாக லூட்டனில் சில மாதம் இருக்க வேண்டி வந்தது. அறை எடுத்தது பரி பார்க் பக்கம். (பரி கிளப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது பேட்டையின் பெயர்.) பாகிஸ்தான், வங்காளதேசக் குடும்பங்கள் நிறைந்த தெருக்கள், பிரியாணிக் கடை, துணிக்கடை, மசூதி. அந்த வீடுகளுக்கு நடுவே ஒரு மைதானம் இருக்கிறது என்பதே எனக்கு இரண்டு வாரம் தெரியாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பால் வாங்கப் போனவன், நூற்றுக்கணக்கானவர்கள் வரிசை வீடுகளுக்குள் நுழைந்து காணாமல் போவதைப் பார்த்தேன்.

உண்மையாகவே வீட்டுக்குள்தான். ஓக் ரோடு என்று ஒரு சந்து. ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், அதில் ஒரு வீட்டின் கீழ்த்தளம் மட்டும் இல்லை, அங்கே நுழைவாயில். அதற்குள் புகுந்து இரும்புப் படி ஏறினால் பக்கத்து வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு மேலே நடக்கிறோம். கீழே கொடியில் துணி காய்கிறது, சின்னக் குழந்தையின் சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது, யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை. அதைத் தாண்டினால் பச்சைப் புல். கெனில்வொர்த் ரோடு மைதானம். வெளியூர் அணி ரசிகர்கள் உள்ளே போகும் வழி இது. தெரியாமல் அவர்களோடு போய், லூட்டன் கோல் அடித்தபோது கை தட்டி, முறைப்பு வாங்கினேன்.

ஐந்தாவது டிவிஷன் ஆட்டம் அது. குளிரில் மூக்கு ஒழுகுகிறது, புல்லில் பாதி சேறு. இறங்கி மூன்று வருடம் ஆகியும் ஆயிரக்கணக்கில் கூட்டம். பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுத்தான் மைனஸ் 30 கதையே எனக்குத் தெரியும். அவர்கள் வேறு கிளப்காரர்கள், அவர்களே அதை லூட்டனுக்காகப் பரிதாபப்பட்டுச் சொன்னார்கள்.

வெளியே வருவது எளிதாக இல்லை. 2010 பிளேஆஃப் தோல்வி. 2011 இறுதியில் ஏ.எஃப்.சி. விம்பிள்டனிடம் பெனால்டியில் தோல்வி. 2012 இறுதியில் யார்க்கிடம் தோல்வி, அதுவும் அதே வெம்பிளியில். 2013 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பிரீமியர் லீக் அணியான நார்விச்சை அவர்கள் மைதானத்திலேயே 1-0 என்று வீழ்த்தினார்கள். ஆனால் அந்த சீசன் லீக்கில் ஏழாவது இடம். 2014இல்தான், ஜான் ஸ்டில் மேனேஜராக, 101 புள்ளி எடுத்து மேலே வந்தார்கள். ஐந்து வருடம் வனவாசம்.

#20 வங்கக்கடல்

அப்புறம் 2023?

#21 தொப்பிக்காரன்

2023 மே 27. சாம்பியன்ஷிப் பிளேஆஃப் இறுதி, வெம்பிளி, எதிரே கவென்ட்ரி. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் கேப்டன் டாம் லாக்கியர் களத்தில் சுருண்டு விழுந்தார், மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். 1-1. பெனால்டி. முதல் ஐந்து ஐந்தும் இரு பக்கமும் உள்ளே. ஆறாவதும் லூட்டனுக்கு உள்ளே, கவென்ட்ரியின் ஆறாவது கம்பத்துக்கு மேலே போனது. 6-5.

அந்த அணியில் பெல்லி ரடக் பன்சு என்று ஒரு நடுக்கள வீரர். 2013இல், கிளப் ஐந்தாவது டிவிஷனில் இருந்தபோது வந்தவர். ஒரே கிளப்போடு ஐந்தாவது டிவிஷனிலிருந்து பிரீமியர் லீக் வரை ஆடிய முதல் ஆள் அவர்தான். மிக் ஹார்ஃபோர்டும் அன்று கிளப்பில் இருந்தார், வீரர்களைத் தேடிப் பிடிக்கும் பிரிவின் தலைவராக.

பிரீமியர் லீக் வந்ததும் பழைய பாபர்ஸ் ஸ்டாண்டைப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தது. பாபர்ஸ் என்றால் ஒரு பாப், அதாவது ஒரு ஷில்லிங் கொடுத்து உள்ளே போன காலத்துப் பெயர். வேலை முடியாததால் முதல் உள்ளூர் ஆட்டத்தையே தள்ளி வைத்தார்கள்.

ஒரு வருடத்தில் இறங்கினார்கள். 2025இல் இன்னும் ஒரு படி இறங்கி லீக் ஒன். எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆடித் தோற்று இறங்கினார்கள்.

#22 வாய்தா

அந்தக் கடைசி வரிக்காக இந்த இழை முழுவதும் படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஏ. போட்ட பத்து அதிகம் என்று ஒத்துக்கொள்கிறேன். இருபதில் ஒன்று கூடக் குறைக்க மாட்டேன்.

#23 தொப்பிக்காரன்

மூன்று குறையுங்கள். ரவிக்குக் கொடுத்த விலைக்கே கொடுங்கள்.

#24 வாய்தா

மூன்றாவது தடவை வந்த வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கிடையாது.

#25 வங்கக்கடல்

கடைசியாக ஒன்று. 2009இல் ஜெயித்த அந்தக் கோப்பையை அடுத்த வருடம் லூட்டன் காப்பாற்றிக்கொண்டதா?

#26 கணக்கப்பிள்ளை

ஆடவே விடவில்லை தம்பி. அது லீக் கிளப்புகளுக்கான கோப்பை, லூட்டன்தான் லீக்கில் இல்லையே. நடப்பு சாம்பியன் இல்லாமலே போட்டி நடந்தது. 2010இல் சவுத்தாம்ப்டன் எடுத்தது, இறுதியில் கார்லைலை 4-1. லீக் ஒன்னில் அந்த சீசனை அவர்கள் எத்தனை புள்ளியோடு தொடங்கினார்கள் தெரியுமா? மைனஸ் 10.